நீக்கிய குரல் எங்கே?

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், ரப்பர்த் தோட்டங்களும் அவற்றின் பின் வந்த செம்பனைத் தோட்டங்களும் சூழ அமைந்த சிற்றூர் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைந்து செல்வோர் அதனைச் சாலையை விட்டு இறங்கும் ஒரு வழியின் பெயராக மட்டுமே அறிவர். தோட்டங்களை விட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர்க்கோ, அஃது உறவினர் திருமணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் ஊராகும். அவ்வூரை அடுத்து நிகழ்ந்த திருமண விருந்தொன்றில் அண்மையில் நாம் கண்டதும் கேட்டதும் நம் உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

மண்டபத்து மேடையில் வாத்தியம் ஒன்றேனும் இல்லை. ஒரு மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கிகளுமே இருந்தன. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் ஒலிவாங்கியைக் கையில் ஏந்தி, நம் பெற்றோர் காலத்துத் திரைப்பாட்டு ஒன்றைப் பாடினாள். வயலினும் குழலும் தபலாவும் ஒலிபெருக்கியினின்று எழுந்தன. முன்பு பாடியவரின் குரல் மட்டும் அப்பதிவினின்றும் நீக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தில் இப்பெண்ணின் குரல் நின்றது. செம்மையாகவே பாடினாள். ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்கச் சற்றே நின்றாள். அக்கணத்தில் வேறொரு குரல், சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல் மெல்லக் கேட்டு மறைந்தது. இயந்திரம் முற்றும் நீக்க மாட்டாது விட்ட பழைய பாடகியின் குரலே அது. முன்வரிசையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தபலா வாசித்து வந்தவர் அவர். அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் தாளமிட்டுக்கொண்டிருந்தன. அவரை உண்ண அழைத்திருந்தனர், வாசிக்க அழைத்திலர்.

பாடிய பெண் ஒருத்தி. நீக்கப்பட்ட பாடகி ஒருவர். வாசியாது அமர்ந்திருந்த முதியவர் ஒருவர். இம்மூவருள் எவர்க்கேனும் அநீதி நேர்ந்ததுண்டா? நேர்ந்ததெனின், அதனை இழைத்தவர் யார்? பாட்டினின்று குரலைப் பிரித்தெடுப்பது அறத்தோடு பொருந்துமா, பொருந்தாதா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கேளிக்கையைப் பற்றிய சிறு செய்திக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். ஒரு சமூகத்தின் நீதியுணர்ச்சி சட்டமன்றத்தில் வெளிப்படுவதினும் கல்யாண வீட்டில் நன்கு வெளிப்படும் என்பது நமது கருத்து.

முதற்கண் செய்தியை உள்ளவாறு அறிவோம். குரல் நீங்கிய இசைப்பதிவை நம்மவர் ‘மைனஸ் ஒன்’ என்றும் ‘கராவோக்கே’ என்றும் வழங்குகின்றனர். பின்னது ஜப்பானியச் சொல். ‘கரா’ என்றால் வெறுமை; ‘ஓக்கே’ என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா என்னும் சொல்லின் குறுக்கம். ஆளில்லாத வாத்தியக் குழு என்பது அதன் கருத்து. கோபே நகரத்து இனொவே டைசுகே என்பவர் 1971ஆம் ஆண்டில் இதற்கெனக் கருவி ஒன்றை அமைத்தார். அவர் மது விடுதிகளில் வாடிக்கையாளர் பாடுவதற்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். வெளியூர் செல்லவிருந்த வாடிக்கையாளர் ஒருவர் உடன் வந்து வாசிக்குமாறு அழைத்தார். தாம் போக இயலாமையால் இனொவே தமது வாசிப்பை நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்தே இக்கருவி பிறந்தது. அதற்கு அவர் காப்புரிமையும் பெற்றாரில்லை. இவ்வரலாற்றில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கு வெறுமையாகக் கிடந்தது வாத்தியக்காரரின் நாற்காலி. பாடுவோர் இடத்தில் உயிருள்ள ஒருவர் இருக்கவே இருந்தார். இதனைப் பின்னர் மீண்டும் எடுப்போம்.

இனொவே குரலை நீக்கவில்லை. குரலின்றியே வாசித்துப் பதிந்தார். முன்னரே குரலோடு பதிந்துள்ள பாட்டினின்று அக்குரலை நீக்குதல் வேறொரு வித்தை. அதற்குப் பழைய முறை ஒன்றுண்டு. புதிய முறை ஒன்றுண்டு. பழைய முறை ஸ்டீரியோப் பதிவிற்கே பொருந்தும். அத்தகைய பதிவில் இடம், வலம் என இரு தடங்கள் உள. வாத்தியங்கள் பல அவ்விரண்டிலும் ஏறியும் குறைந்தும் பகிர்ந்திருக்கும். பாடுவோர் நடுவே நின்று பாடுவதாகத் தோன்றும் பொருட்டு, அவர் குரலை இரு தடங்களிலும் சமமாக வைப்பர். ஒரு தடத்தின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதனோடு சேர்த்தால், இரண்டிலும் சமமாக இருப்பவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஐந்தில் ஐந்து போனால் மிச்சம் ஏது? குரல் மறையும். நடுவே வைக்கப்பட்டிருந்த முரசொலியும் தாழ்ந்த ஒலிகளும் அதனோடு மறையும். குரலின் எதிரொலி மட்டும் இருபுறமும் வேறுபட்டிருத்தலால் ஆவி போல் எஞ்சி நிற்கும்.

நம் முதியோர் போற்றும் பாட்டுகளுக்கு இம்முறை பயன்படவில்லை. அவை ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. இருபுறமும் ஒன்றே ஒலிப்பதால், ஒன்றினின்று மற்றதைக் கழித்தால் பாட்டே இல்லாது போகும். தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோப் பதிவிற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரியா’. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எடுக்கப்பட்ட படமாதலின் நம்மவர் பலர்க்கு அது நினைவிருக்கும். அதற்கு முற்பட்ட பாட்டுகளை விரும்பியோர், யாரேனும் வாத்தியக்காரரை அமர்த்தி இசையைப் புதிதாக வாசிக்கச் செய்தாலன்றி மேடையில் பாட வழியில்லை.

புதிய முறை அத்தடையை நீக்கிவிட்டது. குரலும் வாத்தியங்களும் தனித்தனியே பதிவான பாட்டுகள் பலவற்றைக் கணினிக்குக் காட்டி, மனிதக் குரலின் உருவம் இன்னது, முழவொலியின் உருவம் இன்னது எனப் பயிற்றுகின்றனர். பயின்ற கணினி, தான் முன்பு கேட்டிராத பாட்டிலும் அவற்றை அடையாளங்கண்டு பிரிக்கின்றது. பிரான்சு நாட்டு டீசர் என்னும் இசை நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஸ்பிளீட்டர் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் சிறுவனும் இவ்வேலையைச் செய்ய வல்லவனாகின்றான். ஒற்றைத் தடப் பாட்டும் இதற்குத் தப்புவதில்லை.

இவ்விரு முறைகளுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. பழைய முறையில் குரல் அழிந்தது. புதிய முறையில் குரல் அழிவதில்லை; இசை ஒருபுறமும் குரல் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆலையில் கரும்பை இட்டவன் சாற்றையும் சக்கையையும் வேறு வேறாகப் பெறுவது போல, இரண்டும் பிரித்தவன் கைக்கு வருகின்றன. ‘நீக்கிய குரல் எங்கே?’ என்று முன்பு கேட்டிருந்தால், ‘இல்லை’ என்பதே விடை. இன்று கேட்டால், ‘இதோ, என்னிடம் இருக்கின்றது’ என்று ஒருவன் சொல்லக்கூடும். அறத்தைப் பற்றிய வினா அங்கேதான் கடுமையாகின்றது.

நிற்க. முதலில் அப்பெண்ணின் வழக்கை எடுத்துக்கொள்வோம். ‘கலை புனிதமானது, பெரியோர் பாடியதைச் சிதைத்து, அவர் இடத்தில் பயிற்சியில்லாதார் ஏறி நிற்பது அடாது’ என்பார் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு?

பாட்டில் ஒருவர் குரலை நீக்கி வேறொருவர் குரலை வைக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. தமிழ்ப் பேசும் படத்தின் தொடக்க காலத்தில் நடித்தவரே பாடினர். 1938ஆம் ஆண்டில் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நடித்தவருக்காக லலிதா வெங்கடராமன் பின்னணியில் பாடினார். 1945ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில், வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டுக்குரலை நீக்கி, பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிந்து சேர்த்தனர். இவ்விரு படங்களையும் உருவாக்கியவர் ஏ. வி. மெய்யப்பன். பின்னர் அதுவே பொது வழக்கமாயிற்று. இன்று நாம் மூலம் என்று போற்றும் திரைப்பாட்டுகள், முகம் ஒருவருடையதாகவும் குரல் ஒருவருடையதாகவும் இருக்கப் பிறந்தவையே. அவற்றைக் கண்டு கலை சிதைந்தது என்று எவரும் அழவில்லை. தோட்டத்துப் பெண் அவ்விடத்தில் நிற்கும்போது மட்டும் புனிதம் நினைவிற்கு வருவானேன்?

‘தொடாதே’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் தாயகத்தில் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் அதனைக் கேட்டனர். கப்பலேறி வந்தவருட் சிலர் அதனையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். இசையுலகிலும் அச்சொல் உண்டு. இன்ன குலத்தார் இன்ன வாத்தியம் வாசிக்கலாம். இன்ன வீட்டுப் பெண் மேடை ஏறலாகாது. தப்படிப்பவன் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பன போன்ற விதிகளைச் செய்தவர் யார்? 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டிற்கு இடம் கேட்பதே ஒரு கிளர்ச்சியாக வேண்டியிருந்தது. மொழிக்கே அந்நிலை என்றால், மேடை அறியாத மக்களுக்கு இடம் எளிதிற் கிடைத்திருக்குமோ?

நம் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பொழுது ஏறும்வரை பால்மரம் சீவியவர்க்கு இசை கற்பிக்க ஆசிரியர் யார் வந்தார்? ஆர்மோனியம் வாங்கப் பொருள் எங்கே இருந்தது? பாட்டு இல்லாமல் இல்லை. தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, தெம்மாங்கு இருந்தது. அவை லயத்து வீடுகளிலேயே பிறந்து அங்கேயே அடங்கின. இன்று குலை வெட்டுபவரின் மகள் வாய் திறந்தால், வயலினும் குழலும் அவள் பின்னே எழுகின்றன. அவை அவளுடைய குலத்தைக் கேட்பதில்லை, கட்டணம் கேட்பதில்லை, பெண்ணுக்கு எதற்கு மேடை என்று முகஞ்சுளிப்பதுமில்லை. இது பெரும்பேறு. குரலுக்கு ஓரிடம் ஒழித்துக் கொடுத்து, அதில் உயிருள்ள ஒருத்தியை நிறுத்திய அளவில் அவ்வியந்திரம் நற்செயலே செய்தது. அவள் மீது குற்றமில்லை. நாம் அவளை வாழ்த்துகின்றோம்.

ஆனால் அவ்விடத்தை அடைந்தவர் அதில் மெய்யாகவே நிற்க வேண்டும். பழைய குரலை நீக்காது சற்றே தணித்து வைத்து, அதன் மறைவில் வாயசைத்துக் கைதட்டல் பெறுவோர் சிலர் உளர். அது பாட்டன்று; ஏமாற்று. வேறு சிலர் பழைய பாடகர் இழுத்த இழுப்பையும் குழைந்த குழைவையும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுவர். குரலை நீக்கிவிட்டு அதே குரலாக நடிப்பதற்கு நீக்காமலே விட்டிருக்கலாம். அவ்விடம் காலியானது நம் குரல் அங்கு வருவதற்காக.

இனிக் கடனைப் பற்றிச் சொல்வோம். ஒரு பாட்டு, நால்வர் கூடும் சந்தி. சொல்லைக் கட்டியவர் ஒருவர், மெட்டை அமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாத்தியம் வாசித்தவர் ஒருவர். பொருள் முடக்கியவர் வேறு உளர். இவர்களுள் பாட்டு யாருக்கு உரியது என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது.

1921ஆம் ஆண்டில் மறைந்த பாரதியாரின் பாட்டுகளை இசைத்தட்டில் பதியும் உரிமை, கைமாறி ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. நாட்டின் விடுதலைக்குப் பாடிய கவிஞனின் பாட்டு தனியொருவர் உடைமையாக இருப்பதா என்று கிளர்ச்சி எழுந்தது. சென்னை மாகாண அரசாங்கம் 1949ஆம் ஆண்டில் கவிஞர் குடும்பத்தார்க்குப் பொருள் வழங்கி நூலுரிமையைப் பெற்றது. மெய்யப்பனும் தம்மிடமிருந்த ஒலிப்பதிவுரிமையை விட்டுக்கொடுத்தார். இது பாட்டு மக்கள் உடைமையான வரலாறு. மற்றொரு நிகழ்ச்சி இதற்கு மாறானது. 2017ஆம் ஆண்டில், இளையராஜா இசையமைத்த பாட்டுகளை அவரது இசைவின்றி மேடையில் பாடலாகாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்திற்கு வழக்கறிஞர் மூலம் அறிவிக்கை சென்றது. அப்பாட்டுகள் பலவற்றைத் தம் குரலாற் பாடிப் பரப்பியவரே அவர். பாடிய வாய்க்கே இசைவு வேண்டுமெனின், பாட்டு ஒருவர்க்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாகும்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாட்டை இயற்றியவர்க்கு அவர் வாழ்நாளும் அதற்குமேல் 50 ஆண்டும் உரிமை வழங்குகின்றது. ஒலிப்பதிவிற்கு 50 ஆண்டு தனியே உண்டு. 1959ஆம் ஆண்டில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சொற்களும், 1964ஆம் ஆண்டில் மறைந்த பாரதிதாசனின் சொற்களும் இக்கணக்கின்படி இங்கு அனைவர்க்கும் உரியவை ஆகிவிட்டன. மெட்டிற்கும் பதிவிற்கும் கணக்கு வேறு. வீட்டில் மகிழ்ச்சிக்காகப் பாடும் பிள்ளையை இச்சட்டத்தைக் காட்டி மிரட்டுவது நம் நோக்கமன்று. குரல் நீக்கிய பதிவுகளை விற்றுப் பொருள் ஈட்டுவோரும், அவற்றைக் கொண்டு கட்டணக் கச்சேரி நடத்துவோரும் உரியவரிடம் இசைவு பெற்று உரிய பங்கைக் கொடுத்தல் வேண்டும். எளிதாக எடுக்க முடிகின்றது என்பதனால் எடுக்கும் உரிமை வந்துவிடாது. திறந்து கிடக்கும் வீட்டில் நுழைபவனும் திருடனே.

பொருள் பெறாத மேடைக்கும் ஒரு கடன் உண்டு. அது பெயர் சொல்லுதல். நாம் சொன்ன விருந்தில் மணமக்கள் பெயர் சொன்னார்கள். மொய் எழுதியவர் பெயர் சொன்னார்கள். உணவு சமைத்த நிறுவனத்தின் பெயரையும் சொன்னார்கள். அப்பாட்டை எழுதியவர் பெயரையோ, இசையமைத்தவர் பெயரையோ, குரல் நீக்கப்பட்ட அப்பாடகியின் பெயரையோ ஒருவரும் சொல்லவில்லை. அரை நிமிடத்தில் தீரக்கூடிய கடன் அது. கேட்போரில் ஒரு சிறுமியேனும் அப்பெயரைக் கேட்டு, ‘யார் அவர்?’ என்று வினவியிருப்பாள்.

இனி, நீக்கிய குரலைத் தேடுவோம். ஒரு பாட்டின் சொல்லை அச்சிடலாம். மெட்டைப் பிறர்க்குக் கற்பிக்கலாம். குரல் அத்தகையதன்று. அஃது ஒருவருடைய மூச்சு. அவருடைய தொண்டையும் மார்பும் வயதும் துயரமும் கூடிச் செய்தது. இருட்டில் முகம் தெரியாதபோதும் குரலைக் கேட்டுத் தாயை அறிகின்றது குழந்தை. ஆகவே குரலைத் தனியே பிரித்துக் கையில் வைத்திருப்பவன், ஒரு மனிதரின் பகுதியையே வைத்திருக்கின்றான்.

அதனை வைத்து நன்மையும் செய்யலாம். ஜான் லெனன் 1980ஆம் ஆண்டில் கொலையுண்டார். அவர் தம் வீட்டில் பியானோவோடு பாடிப் பதிந்து வைத்த பாட்டொன்றில், குரல் பியானோ ஒலியில் அமிழ்ந்து கிடந்தது. கணினி கொண்டு அக்குரலைப் பிரித்தெடுத்து, 2023ஆம் ஆண்டில் அவருடைய தோழர்கள் அப்பாட்டை நிறைவு செய்து வெளியிட்டனர். லெனன் பாடியதையே மீட்டனர். பாடாத ஒன்றை அவர் வாயில் வைத்தாரில்லை. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் வந்த ‘லால் சலாம்’ படத்திற்காக, மறைந்த பாடகர்களாகிய பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கணினியால் அமைத்துப் புதிய பாட்டு ஒன்றைப் பாட வைத்தார் ஏ. ஆர். ரகுமான். குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் அவர் அறிவித்தார். அதே ஆண்டில், 2020ஆம் ஆண்டில் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் குடும்பத்தாரைக் கேளாது கணினியால் அமைத்ததாகச் சொல்லி, தெலுங்குப் படம் ஒன்றை எடுத்தவர்க்கு அவர் மகன் சரண் அறிவிக்கை அனுப்பினார்.

கேட்டுச் செய்தது மேல்; கேளாது செய்தது கீழ். அதில் ஐயமில்லை. எனினும் நமக்கு ஒரு வினா எஞ்சுகின்றது. தந்தையின் வீட்டை மகன் விற்கலாம். தந்தையின் குரலை மகன் விற்கலாமோ? அவர் வாழ்ந்த காலத்தில் எதனைப் பாட மறுத்திருப்பாரோ அதனை அவர் குரலில் பாடச் செய்யும் அதிகாரம் எவர்க்கு உண்டு? இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்பதே, அவர் திறத்தில் நாம் மேலும் அஞ்சி நடத்தற்குக் காரணமாதல் வேண்டும். பாடியதைப் பாடியவாறு காப்பது நன்று. பாடாததைப் பாடினாராகக் காட்டுவதற்கு, அவரே உயிரோடிருந்தபோது சொல்லிச் சென்ற இசைவைத் தவிர வேறொன்றும் போதாது என்பது நமது துணிபு. நம் ஊர் இளைஞர்க்கும் இது பொருந்தும். மறைந்த பாடகர் குரலில் மணமகன் பெயரைச் சொல்ல வைத்து விளையாடுகின்றனர். இன்று விளையாட்டு, நாளை அதே வித்தையால் உறவினர் குரலில் தொலைபேசியில் பணம் கேட்பவனை நாம் எப்படிக் கடிவோம்?

கடைசியாக, முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவரிடம் வருவோம். அவரைப் பற்றிச் சொல்ல எவரும் வாய் திறப்பதில்லை. ஏனெனில் அவர் நம்மில் ஒருவர். அவரை விலக்கியவரும் நாமே. குரலை நீக்கிய பதிவு வந்தபின் பாடகிக்கு இடம் கிடைத்தது. தபலாக்காரர்க்கு இருந்த இடம் போயிற்று. ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் சிறு இசைக் குழு இருந்தது. பகலில் பால் எடுத்தவரும் கிராணி வேலை பார்த்தவரும் இரவில் வாசித்தனர். திருவிழாவிற்குக் கிடைக்கும் சில வெள்ளியைக் காட்டிலும், ஊரார் தம் பெயர் சொல்லி அழைப்பதே அவர்க்குப் பெரிதாக இருந்தது. இன்று மடிக்கணினி கூலி கேட்பதில்லை, சோறும் கேட்பதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோதும் நாம் என்ன சொன்னோம்? ‘தலைமுறை தலைமுறையாக உழைத்தோம். கை தேவைப்பட்டபோது அழைத்தார்கள். தேவையற்றபோது போகச் சொன்னார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டார் உண்டா?’ என்றோம். அது நியாயமான முறையீடு. அதே முறையீட்டை அம்முதியவர் நம்மிடம் வைத்தால் நாம் சொல்லும் விடை யாது? ‘கணினி மலிவு’ என்பதா? துரைமார் சொன்ன விடையும் அதுவே அன்றோ? வாணத்திற்கும் அலங்கார வளைவுக்கும் அள்ளி வீசுவோர், தாளம் போடும் கைக்குக் கொடுக்க மட்டும் கணக்குப் பார்ப்பது என்ன நீதி?

இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அஃது அறியாமை. இயந்திரத்தை முழுதும் பயன்படுத்துங்கள் என்றே சொல்கின்றோம். குரலைப் பிரிக்கும் அதே கருவி தாள வாத்தியங்களையும் பிரிக்க வல்லது. முன்னர்க் கூறிய ஸ்பிளீட்டர் குரல், முழவு, தாழிசை, பியானோ, பிற எனப் பாட்டை ஐந்தாகவும் பகுக்கும். குரலை நீக்கி மகளுக்கு இடம் செய்தவர், முழவொலியையும் நீக்கி அம்முதியவர்க்கு ஓர் இடம் செய்திருக்கலாமே! வயலினும் குழலும் பதிவினின்று வரட்டும். பாட்டு அப்பெண்ணின் வாயினின்று வரட்டும். தாளம் அம்முதியவர் கையினின்று வரட்டும். அவருக்கு உரிய கூலியும் மேடையில் ஒரு நாற்காலியும் கொடுத்தால் குடி முழுகிப் போகுமா? அவர் பக்கத்தில் ஒரு சிறுவனை உட்கார வைத்தால், அவரோடு மறையவிருக்கும் வித்தை இன்னொரு தலைமுறை வாழாதா?

இனொவேயின் கதையை இங்கு மீண்டும் நினைவு கூர்வோம். அவர் போக இயலாத இடத்திற்குத் தம் வாசிப்பை அனுப்பினார். போக முடிந்தவிடமெல்லாம் தாமே சென்று வாசித்தார். பதிவு, வர இயலாதவர்க்குப் பதிலாக வருவது. வந்து முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்க்குப் பதிலாக அதனை வைப்பது முறையாகுமோ?

இதுகாறும் கூறியவற்றால் ஒரு விதி நமக்குக் கிடைக்கின்றது. பாட்டில் ஓரிடத்தைக் காலி செய்வது தன்னளவில் பாவமுமன்று, புண்ணியமுமன்று. அவ்விடத்தில் யாரை அமர்த்துகின்றோம் என்பதைக் கொண்டே அதன் தன்மை அமையும். குரலை நீக்கி உயிருள்ள பெண்ணைப் பாடச் செய்தல் நன்று. உயிருள்ளவரை விலக்கி, இறந்தவர் குரலைக் கூலியின்றி உழைக்கச் செய்தல் தீது. வாத்தியக்காரரை நீக்கி அந்த நாற்காலியை வெறுமையாக விடுதல் அறக்குறை. யாரை நீக்கினோமோ அவர் பெயரை மறைத்தல் நன்றி கோறல்.

அடுத்த தைத்திங்களில் சிம்பாங் அம்பாட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் மீண்டும் பந்தல் எழும். ஒலிபெருக்கி வரும், பிள்ளைகள் பாடப் பெயர் கொடுப்பர். விழா எடுக்கும் அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது மூன்றே. ஒவ்வொரு பாட்டின் முன்னும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரை அறிவியுங்கள். மறைந்தவர் குரலை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். உங்கள் ஊரில் தபலாவோ, உருமியோ, தப்போ, ஆர்மோனியமோ அறிந்த முதியவர் ஒருவர் இருப்பின், அவர் வீட்டிற்கு நேரிற் சென்று, ‘ஐயா, ஒரு பாட்டிற்கேனும் நீங்கள் வாசிக்க வேண்டும்’ என்று கேளுங்கள். பதிவில் அவருக்குரிய இடத்தை ஒழித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார் என்பதை, முழங்காலின்மேல் ஓயாது தாளமிட்ட அவ்விரல்களைக் கண்ட நாம் உறுதியாகச் சொல்வோம்.